கடைமடையில் கேட்டால்தான் தெரியும்: பொறுப்பில் இருப்பவர் ஏன் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்?

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால், டெல்டாவில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: தண்ணீர் கல்லணைக்கு எப்போது வரும்? அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்த பிறகு கேள்வி மாறிவிடும். கடைமடைக்கு வந்துவிட்டதா? பேராவூரணிப் பக்கமோ தலைஞாயிறு பக்கமோ ஒருவர் வாய்க்கால் கரையில் நின்று “வந்துடுச்சு” என்று சொல்லும்வரை, மேலே ஷட்டரைத் திறந்தவருக்குத் தன் வேலை முடிந்ததா இல்லையா என்று தெரியாது. எத்தனை கன அடி விட்டோம் என்ற கணக்கு அவர் கையில் இருக்கும். நடுவில் எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, எந்த மதகு பழுதாகிக் கிடக்கிறது என்பது அந்தக் கணக்கில் இருக்காது.

தண்ணீர் மேலிருந்து கீழே போகிறது. தண்ணீரைப் பற்றிய சேதி கீழிருந்து மேலே வர வேண்டியிருக்கிறது.

வேலை செய்யும் இடத்தில் நாலு பேருக்குப் பொறுப்பாக இருப்பவரின் நிலையும் இதுதான். உத்தரவு அவரிடமிருந்து கீழே போகும். அது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த இடத்தில் என்ன ஆனது என்பதெல்லாம் கீழே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவரிடம் இல்லாவிட்டால், பதவி உயர உயர அவருக்குத் தெரிந்தது குறைந்துகொண்டே போகும். தொடர் கற்றல் என்று இன்று எல்லா இடத்திலும் பேசுகிறார்களே, அதை நான் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொண்டேன். புதிதாகப் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்கு இதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லுக்கு அர்த்தம். வேலையில் சேர்ந்த பிறகும், பதவி உயர்ந்த பிறகும், தான் செய்யும் வேலையையும், தன்னோடு வேலை செய்பவர்களையும், சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் நிலவரத்தையும் விடாமல் தெரிந்துகொண்டே இருப்பது தொடர் கற்றல். பொறுப்பில் இருப்பவர் என்றதும் பெரிய கம்பெனி எம்.டி.யை நினைக்க வேண்டாம். நான்கு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துபவர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர், பள்ளித் தலைமையாசிரியர், கும்பகோணத்து ஜவுளிக்கடையில் ஒரு மாடிக்குப் பொறுப்பான சூப்பர்வைசர், எல்லோரும் இதில் அடக்கம்.

கற்றல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பயிற்சி வகுப்பு. ஹோட்டலில் ஒரு ஹால், புரொஜெக்டர், மதியம் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வகுப்பில் ஒரு நாளில் கிடைக்கும் தெளிவு, தனியாகத் தட்டுத் தடுமாறினால் ஒரு வருடம் ஆனாலும் கிடைக்காது. ஆனால் வகுப்போடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே சொல்லிவிட்டார். பொருள் இல்லாத அசைகளை அவரே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்தார். மறதி முதல் ஒரு நாளிலேயே மளமளவென்று நடந்துவிடுகிறது, அப்புறம்தான் வேகம் குறைகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் நிற்கிறது. நாற்று நட்டுவிட்டுத் தண்ணீர் வைக்க மறந்த மாதிரிதான், திங்கள்கிழமை வேலையில் பயன்படுத்திப் பார்க்காத சனிக்கிழமை வகுப்பு.

நான் கற்றுக்கொண்ட இடம் ஒரு நெல் களம்.

உணவுப் பதப்படுத்துதல் படித்துவிட்டு, இருபத்தாறு வயதில் மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் உற்பத்திப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். புழுங்கல் அரிசி ஆலை. நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயவைத்து, அப்புறம் அரைக்க வேண்டும். களத்தில் பெண்கள்தான் வேலை. அவித்த நெல்லைப் பரப்பி, வெறுங்காலால் சால் பிடித்தது போலக் கிளறிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடப்பார்கள். பாதி காய்ந்ததும் நெல்லை அள்ளி அம்பாரமாகக் குவித்து, சாக்கால் மூடிவிட்டு, நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் மறுபடி பரப்பிக் காயவைப்பார்கள். வந்த முதல் வாரமே என் கண்ணில் பட்டது இதுதான். நல்ல பங்குனி வெயில் அடிக்கும்போது நெல்லைக் குவித்து மூடிவைப்பது எனக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. “குவிக்க வேண்டாம், ஒரே மூச்சில் காயவைத்து எடுங்கள்” என்று உத்தரவு போட்டேன். ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “வெயில் போயிடும், வேலையைப் பாருங்க” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு நாளில் காய வேண்டிய நெல் அரை நாள் முன்னாலேயே காய்ந்தது. எனக்கு ஒரே பெருமை. ஆனால் அரைக்கும்போது குருணை கூடியது. முழு அரிசி குறைந்து, நொய் மூட்டைகள் ஏறிக்கொண்டே போயின. உமி நீக்கும் இயந்திரத்தில் ரப்பர் உருளை தேய்ந்திருக்கும் என்று நினைத்து மாற்றினேன். குருணை குறையவில்லை. உருளைகளுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டிப் பார்த்தேன், பாலிஷில் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், ஆபரேட்டரைத் திட்டினேன். நெல் சரியில்லை என்று கொள்முதல் செய்தவரோடு சண்டை போட்டேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

ஒருநாள் மதியம் வேறு வழி தெரியாமல் களத்துக்குப் போய், அங்கே இருந்தவர்களில் மூத்த அக்காவிடம் கேட்டேன். “அக்கா, குருணை ஏன் இவ்வளவு விழுது? உங்களுக்கு ஏதாவது தோணுதா?” அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “நீங்க வந்ததுலேருந்து அம்பாரம் போட வுடலையே சார்” என்றார். அப்புறம் காலடியில் கிடந்த நெல்லில் ஒன்றை எடுத்து நகத்தால் உரித்து, உள்ளங்கையில் வைத்து வெயிலுக்கு நேராகக் காட்டினார். அரிசியின் நடுவில் மயிரிழை போல ஒரு கீறல்.

காரணம் நான் புத்தகத்தில் படித்ததுதான். அவித்த நெல் வெயிலில் வேகமாகக் காயும்போது மேல்புறம் முதலில் உலர்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே நிற்கிறது. அந்த இழுவையில் அரிசி உள்ளுக்குள் வெடிக்கிறது. பதினாறிலிருந்து பதினெட்டு விழுக்காடு ஈரம் இருக்கும்போது குவித்து ஆறவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மேலே பரவிச் சமமாகிறது. அப்புறம் காயவைத்தால் கீறல் விழுவது குறையும். பரீட்சையில் இதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். களத்தில் அம்பாரமாகக் கண்ணெதிரே கிடந்தபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

இதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. குருணையால் ஆன நஷ்டத்துக்காக மட்டும் இல்லை. அந்த மூன்று வாரமும் களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் காரணம் தெரிந்திருந்தது. நான் ஒரு தடவை வெடுக்கென்று பேசியது, அத்தனை வாயையும் அடைத்துவிட்டது.

கிறிஸ் ஆர்கிரிஸ் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் இரண்டு வகைக் கற்றலைப் பிரித்துக் காட்டினார். எனக்கு நடந்ததை அதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை. முதல் வகையில், போட்ட விதியை அப்படியே வைத்துக்கொண்டு தவறை மட்டும் சரிசெய்யப் பார்க்கிறோம். உருளையை மாற்றியது, அழுத்தத்தைக் குறைத்தது எல்லாம் அந்த வகை. இரண்டாவது வகையில், போட்ட விதியே சரியா என்று கேட்கிறோம். ‘அம்பாரம் வேண்டாம்’ என்று நான் சொன்னதே தவறோ என்ற கேள்வி அது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஷட்டரை இன்னும் இரண்டு அடி தூக்குவது முதல் வகை. வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா, முறை வைத்த நாள்கணக்கே பொருந்தவில்லையா என்று இறங்கிப் பார்ப்பது இரண்டாவது வகை. ஆர்கிரிஸ் இன்னொன்றும் சொன்னார். நன்றாகப் படித்து, தொட்டதெல்லாம் ஜெயித்து வந்தவர்களுக்குத்தான் இந்த இரண்டாவது வகை மிகவும் கஷ்டம். தோற்ற பழக்கம் இல்லாததால், ஒன்று தவறாகப் போனதும் அவர்கள் அடுத்தவர் மேல் பழியைப் போட்டுத் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள். ஆபரேட்டரையும் கொள்முதல்காரரையும் நான் பிடித்தது அதனால்தான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆய்வு ஏமி எட்மண்ட்சனுடையது. 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் நர்சுகளின் குழுக்களை அவர் ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுவில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு எதிர்ப்பக்கமாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: அந்தக் குழுக்களில் தவறைத் தவறு என்று சொல்ல யாரும் பயப்படவில்லை, அதனால் எல்லாம் வெளியே வந்தன. பயம் இருந்த இடத்தில் தவறு மறைந்து கிடந்தது. ‘நம்ம டிபார்ட்மென்டில் ஒரு புகார்கூட இல்லை’ என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால், அவரை உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கும்.

சரி, பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும் ஏன் இது இத்தனை முக்கியம்? ஒரு தொழிலாளி கற்பதை நிறுத்தினால் அவர் கை மட்டும் நிற்கும். பொறுப்பாளர் நிறுத்தினால், கீழே இருக்கும் அத்தனை பேருக்கும் ‘இங்கே புதிதாக எதுவும் சொல்லக் கூடாது’ என்ற சேதி போய்விடுகிறது. அவர் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

சுற்றி இருக்கும் உலகம் மாறுவதும் நிற்பதில்லை. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. அன்றிலிருந்து புதுப்புது ரகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆள் அறுத்த வயலில் இன்று பெல்ட் வண்டி அறுக்கிறது. நடவு நட இயந்திரம் வந்திருக்கிறது. ஒற்றை நாற்று நடவு என்று இங்கே நாம் சொல்லும் முறை, 1980-களில் மடகாஸ்கரில் ஹென்றி டி லொலானியே என்ற பாதிரியார், அங்கிருந்த விவசாயிகளோடு சேர்ந்து வயலில் பார்த்துப் பார்த்து உருவாக்கியது. பதினாலு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, நாலு பக்கமும் இடம் விட்டு நடுவது. கத்தை கத்தையாக நட்டுப் பழகியவர்களுக்கு அந்த வயலை முதலில் பார்த்தபோது மொட்டையாகத்தான் தெரிந்தது. தூர் வெடிக்கும்வரை பொறுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது. நெல் வாங்கும் இடத்திலும் அப்படித்தான். பல்லில் கடித்து ‘காய்ச்சல் பத்தாது’ என்று சொன்ன காலம் போய், ஈரப்பதம் பார்க்கும் கருவி 17 விழுக்காடு என்ற வரம்பைக் காட்டுகிறது. கடித்துப் பார்க்கத் தெரிந்தவர் கருவியையும் படிக்க வேண்டும். கருவி மட்டும் தெரிந்தவர், கடித்துப் பார்ப்பவரிடம் உட்கார வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று நினைப்பவர் எந்தப் பக்கம் இருந்தாலும் நஷ்டம்தான்.

படித்தவர், படிக்காதவரிடம் கற்றதற்கு டெல்டாவிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. ஆர்தர் காட்டன் 1820-களில் காவிரிப் பகுதிக்கு வேலைக்கு வந்த இளம் பொறியாளர். அப்போது கொள்ளிடம் ஆழமாகித் தண்ணீரை இழுத்துக்கொண்டு போக, காவிரி மணல் மேடிட்டுக் கிடந்தது. ஆழம் காண முடியாத மணலில் அணைக்கு எப்படி அடித்தளம் போடுவது என்பது பெரிய சிக்கல். கரிகாலன் கட்டியதாக நாம் சொல்லும் கல்லணையைத் துருவிப் பார்த்துத்தான் அவர் விடை கண்டார். பெரும் பாறைகளை மணலில் போட்டால் தண்ணீர் அடி மணலை அரிக்க அரிக்க அவை இறங்கி நிலைக்கும். அதன் மேல் மறுபடி பாறை. 1830-களில் முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் எழுந்தன. பிறகு இதே அறிவோடு போய் 1847-லிருந்து 1852-க்குள் கோதாவரியில் தௌலேஸ்வரம் அணையைக் கட்டினார். மணலில் அடித்தளம் போடுவதை இந்நாட்டுப் பழைய பொறியாளர்களிடமிருந்துதான் கற்றோம் என்று அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆளும் கூட்டத்தைச் சேர்ந்தவர், ஆளப்படுகிறவர்களின் முன்னோர்களை ஆசிரியர் என்று ஒப்புக்கொண்டது சின்ன விஷயம் இல்லை.

இன்னொருவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று ஊரே கொண்டாடியவர். அதுவரை வாசித்துவந்த குட்டையான, சுருதி ஏறிய திமிரி நாதஸ்வரத்தில் சுத்த மத்யமம் என்ற ‘ம’ ஸ்வரம் சரியாகப் பேசவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. ஆடுதுறைக்குப் பக்கத்தில், நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்யும் ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான, சுருதி இறங்கிய பாரி நாதஸ்வரத்தை உருவாக்கினார். குழல் நீண்டால் துளைகளின் இடைவெளி மாறும், விரலும் மூச்சும் புதிதாகப் பழக வேண்டும். சபையில் கைதட்டு குறையாத ஒருவர் அந்தச் சிரமத்தை ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? அவருடைய காதுக்குக் குறை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். இன்று கச்சேரிகளில் நாம் கேட்பது பெரும்பாலும் பாரிதான்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், நான் செய்வதைச் சொல்கிறேன். அமெரிக்க ராணுவத்தில் 1970-களிலிருந்து ஒரு பழக்கம் உண்டு. ஒரு காரியம் முடிந்ததும் பெரியவர், சின்னவர் எல்லோரும் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டுக்கொள்வார்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன் இந்த வித்தியாசம்? அடுத்த தடவை என்ன செய்வோம்? குறுவை நெல் வரத்து முடிந்ததும் ஒரு தடவை, சம்பா முடிந்ததும் ஒரு தடவை இப்படி உட்காருகிறோம். தீபாவளி வியாபாரம் முடிந்த ஜவுளிக்கடையிலும், ஆண்டுத் தேர்வு முடிந்த பள்ளியிலும் தாராளமாகச் செய்யலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: பொறுப்பில் இருப்பவர் முதலில் தன் தவறைச் சொல்ல வேண்டும், ஆனால் கருத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். அவர் முதலிலேயே காரணம் சொல்லிவிட்டால், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருக்கிறேன். யாரிடமிருந்து என்ன தெரிந்துகொண்டேன் என்று தேதி போட்டு ஒரு வரி. பெயரோடு எழுதுவது முக்கியம் என்று நினைக்கிறேன். மேலே பேசும்போது ‘இது பாய்லர்காரர் சொன்னது’ என்று சொல்ல முடிகிறது. தான் சொன்னது தன் பெயரிலேயே மேலே போகிறது என்று தெரிந்தால், அடுத்த தடவை அவர் தானாக வந்து சொல்வார். மாதக் கடைசியில் நோட்டைத் திருப்பிப் பார்ப்பேன். எப்பிங்ஹாஸ் சொன்ன மறதிக்கு எனக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

‘தெரியலைன்னு சொன்னா மரியாதை போயிடாதா?’ என்று புதிதாக சூப்பர்வைசர் ஆன தம்பிகள் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். நம் ஊரில் பெரியவர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. நான் பார்த்தவரை, எதுவுமே தெரியாமல் ‘தெரியலை’ என்பவருக்கு மரியாதை கிடைக்காது, உண்மைதான். தன் வேலையில் கெட்டியாக இருந்துகொண்டு, ‘இது எனக்குத் தெரியலை, காட்டுங்க’ என்று கேட்பவருக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. அதனால் முதலில் ஒரு விஷயத்திலாவது ஆழமாகத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கும் தைரியம் அதிலிருந்துதான் வரும்.

நேரம் இல்லை என்பது அடுத்த காரணம். நிஜமாகவே நேரம் இருக்காது. அறுவடைக் காலத்தில் எனக்கும் இல்லை. அந்த நாட்களில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒருவர் வேலை செய்வதைக் குறுக்கே பேசாமல் பக்கத்தில் நின்று பார்ப்பேன். களத்து அக்காவிடம் அப்படி நின்றுதான் இன்னொன்றையும் கற்றேன். அம்பாரம் போடும் பதம் வந்துவிட்டதா என்று பார்க்க அவர் மேல் நெல்லைத் தொடுவதே இல்லை. முழங்கைவரை உள்ளே விட்டு, அடி நெல்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். கருவியிலும் அடி நெல்லைத்தான் இப்போது போடுகிறேன்.

இந்த வருடம் ஆலைக்கு வண்ணம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் வந்திருக்கிறது. கேமரா கறுப்பு அரிசியைக் கண்டதும் காற்றுக் குழாய் அதை ஊதித் தள்ளிவிடும். அதன் திரையில் இருக்கும் அளவுகளில் பாதி எனக்குப் புரியவில்லை. ஐ.டி.ஐ. முடித்து வந்த இருபத்தொரு வயதுப் பையன்தான் அதை ஓட்டுகிறான். நல்ல அரிசியும் சேர்ந்து வெளியே போகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நேற்று அவனிடம் கேட்டேன். “திரையில பாத்தாத் தெரியாது சார், கழிவுப் பெட்டில கைய வுட்டுப் பாக்கணும். காலைல ஏழு மணிக்கு வாங்க, காட்டறேன்” என்றான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.